முட்டைப் பெட்டியில் ஒரு தீவு

உங்கள் மேலாளர் என்னை அழைத்தபோது, "ஏற்றுமதி ஆவணங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுங்க மேடம்" என்றார். அதற்கு ஒரு மணி நேரம் எதற்கு? எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதைக் கணினியே சொல்லிவிடும். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாது. அது சொல்லித் தராத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். என் வேலைக்காலத்தில் ஒரு ஒன்பது நாள் வந்தது. நான்கு நாடுகளும் ஒரு சர்வாதிகாரியும் பதினான்கு லட்சம் முட்டைகளும் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட ஒன்பது நாள். பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் மறைக்காமல் சொன்னால், அத்தனை குதூகலமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நான் ராசிபுரத்துக்காரி. அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் முதுகலை படித்துவிட்டு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியில் நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். அந்தப் படிப்புக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாரும் கேட்பார்கள். எங்கள் முதலாளி மட்டும் கேட்கவில்லை. எந்த நாட்டில் கலவரம் என்று செய்தி வந்தாலும், "நம்ம அரசியல் அம்மிணியக் கூப்புடுங்க" என்பார். நானும் போய் விளக்குவேன். விளக்கம் சரியாக இருந்ததா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அதனால் எனக்கு மெல்ல மெல்லத் தலைக்கனம் ஏறியிருந்தது.

எங்கள் முட்டை போகும் நாடுகளில் ஒன்றில் ராணுவக்காரர் ஒருவர் ஆட்சியைப் பிடித்தார். நாட்டின் பெயர் வேண்டாம்; இன்றும் அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் முதலில் பத்திரிகைகளை மூடினார். பிறகு கடலில் பக்கத்து நாட்டோடு பொதுவாக இருந்த ஒரு சின்னத் தீவில் கொடி நட்டு, அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். சுற்றியிருந்த நான்கு நாடுகள் அவருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தன. அவர் பதிலுக்கு ஓர் உத்தரவு போட்டார். செய்தியில் வந்தது இது: வெளியிலிருந்து வரும் உணவுப் பெட்டி ஒவ்வொன்றிலும் அந்தத் தீவின் புதுப் பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வர முடியாது.

சிக்கல் என்னவென்றால், நம் முட்டை நேராக அங்கே போவதில்லை. கூட்டணி நாடு ஒன்றின் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து சின்னக் கப்பலில் ஏறித்தான் போக வேண்டும்.

அப்போது மூன்று கம்பெனிகள் சேர்ந்து அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு கன்டெய்னர். ஒன்று எங்களுடையது. இன்னொன்று பழனிசாமி அண்ணனுடையது. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்திருந்து, வடக்கே பாதி இந்தியாவைத் துளைத்துவிட்டுக் கோழிப்பண்ணைக்கு வந்தவர். மூன்றாவது சரஸ்வதி அக்காவுடையது. புருஷன் போன பிறகு பண்ணையை ஒற்றை ஆளாக மூன்று மடங்காக்கியவர். மூன்று பேருக்கும் ஆவணம் நான்தான் போடுவேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, இந்தப் பேர ஒட்டி அனுப்பறதா, ஒட்டாம அனுப்பறதா? இல்ல இந்த வாரம் நிறுத்திப் போடலாமா?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஒட்ட வேண்டாமுங்க. நாலு நாடும் ஒண்ணா நிக்குது. இந்த வாரம் கூட்டம் போடறாங்க. முடிஞ்ச கையோட அந்தாளு உத்தரவ வாபஸ் வாங்கிருவாரு. கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிரும்."

"நிச்சயமுங்களா?"

"நிச்சயமுங்க."

பிள்ளைகளே, அந்தச் சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? நான்கு வெளியுறவு அமைச்சர்களும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்பது போல இருந்தது. பெட்டிகள் பெயர் ஒட்டாமலே ஏறின.

மூன்று நாள் கூட்டம் முடிந்த அன்று, கப்பல் அந்த இடைத்துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் அலுவலகத் தொலைக்காட்சியைப் போட்டு, பேக்கிங் பெண்கள் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நான்கு அமைச்சர்கள் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டறிக்கை வாசித்தார்கள். கடும் கண்டனம், ஆழ்ந்த கவலை, உறுதியான ஒற்றுமை. நான் கைதட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் தட்டினார்கள்.

பிறகு நிருபர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். முதலாவது நாட்டு அமைச்சர், கடலையே அடைத்து அந்த ஆட்சியைப் பட்டினி போட வேண்டும் என்றார். இரண்டாமவர், அங்கே தங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள், பேச்சுவார்த்தைதான் வழி என்றார். மூன்றாமவர், கொள்கை அளவில் முதலாமவர் சொல்வதும் நடைமுறை அளவில் இரண்டாமவர் சொல்வதும் சரி என்றார். நான்காமவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நம் முட்டை நின்றுகொண்டிருந்தது அவருடைய துறைமுகத்தில்.

பேக்கிங் பகுதியிலிருந்து வந்த ஓர் அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அம்மிணி, இவங்க நாலு பேரும் ஒரே கட்சிதானுங்களே?"

மறுநாள் காலை நான்காவது நாட்டின் துறைமுகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. தீவின் புதுப் பெயர் எழுதிய எந்தச் சரக்கும் பறிமுதல் செய்யப்படும். மதியம் ராணுவக்காரர் தன் உத்தரவைத் திரும்பவும் உறுதி செய்தார். ஆக, பெயர் இருந்தால் அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்ப முடியாது. இல்லாவிட்டால் ராணுவக்காரரின் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. முட்டையோ இட்ட தேதியிலிருந்து குறித்த நாளுக்குள் இறங்கியாக வேண்டும். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள் மிச்சம்.

முதலாளியிடம் போய், "நான் சொன்னது தப்புங்க" என்றேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை.

"தப்புங்கறது இப்பத் தெரிஞ்சு போச்சு. தெரியாதது என்னென்னன்னு பாருங்க. அந்த உத்தரவுல என்ன எழுதியிருக்குதுன்னு யாராவது படிச்சீங்களா?"

யாரும் படிக்கவில்லை. செய்தியில் சொன்னதை வைத்துத்தான் நானும் பேசியிருந்தேன். அரசியல் முதுகலை.

வாங்குகிற கம்பெனியில் நாதியா என்றொரு பெண் இருந்தாள். எட்டு வருடமாகத் தொலைபேசியில் பழக்கம். ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். உத்தரவை மூல மொழியில் எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாக மொழிபெயர்த்து வாசிக்கச் சொன்னேன். அவள் வாசித்தாள். தீவின் புதுப் பெயர் முன்னுரையில்தான் வருகிறது. விதியில் இருந்தது இவ்வளவுதான்: பெட்டியின் மேல் தீவு எழுத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

"எந்த மொழி எழுத்தில்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லவில்லை. எங்கள் மொழியைத் தவிர வேறு மொழி இருப்பது அவருக்கு நினைவில் இருக்காது" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "எப்படியாவது அனுப்பு. ரொட்டிக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் போகிற முட்டை இது. வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் அவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை."

அன்று மாலையே மூன்று முதலாளிகளும் எங்கள் மாடி அறையில் கூடினார்கள். வேர்க்கடலையும் டீயும் வந்தன. நான் நிலைமையை விளக்கி முடிப்பதற்குள் பழனிசாமி அண்ணன் எழுந்துவிட்டார்.

"அவனுக்கு ஒரு முட்டை போகக் கூடாதுங்க. கப்பலத் திருப்பச் சொல்லுங்க. இன்னைக்குத் தீவுக்குப் பேரு வெச்சான். நாளைக்கு நம்ம கொல்லிமலைக்கு வெச்சா அப்பவும் ஒட்டி அனுப்புவீங்களா?"

சரஸ்வதி அக்கா கடலைத் தொலியை ஊதிவிட்டுச் சொன்னார். "ஏனுங்கண்ணா, கோழி நம்ம கோவத்தக் கேட்டுட்டா முட்டை போடுது? காலைல ஆனா ஷெட்டுல அத்தன கெடக்குது. அவன் கேக்கற பேரச் சின்ன எழுத்துல ஒட்டிப் போட்டுட்டு நம்ம வேலையப் பாக்கலாம்."

"பயந்துக்கறீங்களாக்கும்."

"பயமில்லீங்க. பொழப்பு. உங்களுக்கு லாரி இருக்குது, எனக்குக் கோழி மட்டுந்தானுங்க."

முதலாளி இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொள்கை அளவில் ஒருவர், நடைமுறை அளவில் இன்னொருவர். எனக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. நேற்றுத் தொலைக்காட்சியில் பார்த்த அதே கூட்டம், கடலையும் டீயுமாக எங்கள் மாடியில் நடந்துகொண்டிருந்தது. கைகோத்துப் படம் எடுத்துக்கொள்ளாததுதான் பாக்கி. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னங்க அம்மிணி, அழுகறீங்களா?" என்றார் சரஸ்வதி அக்கா.

"இல்லீங்க்கா. தமிழ்ல எழுதினா என்னங்க?"

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உத்தரவில் மொழி சொல்லப்படவில்லை என்பதைச் சொன்னேன்.

பழனிசாமி அண்ணனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "தமிழ்லயா? இத மொதல்லயே சொல்லோணுமல்லோ. அப்ப நாஞ் சொல்றத எழுதுங்க" என்று ஒரு சொல் சொன்னார். அதை இங்கே சொல்ல முடியாது. சரஸ்வதி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். முதலாளி டீயைச் சிந்திவிட்டார். அடுத்த கால் மணி நேரம் அந்த அறையில் ஒருவரும் பெரிய மனிதராக இல்லை. ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். நாமக்கல் என்று எழுதலாம் என்றார் சரஸ்வதி அக்கா. ஒரு தீவு முழுவதும் நாமக்கல் ஆகிவிடும். சொன்னால் வெட்கம், எனக்கும் கை துறுதுறுத்தது. உலகத்தையே ஏமாற்றிவிடலாம் என்ற போதை அது. "நிச்சயமுங்க" என்று சொன்ன அன்று இருந்ததே, அதே போதை.

அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"பெட்டி மேல வேற மொழி இருந்தா மொழிபெயர்ப்புச் சான்றிதழ் வெக்கோணுமுங்க. அதுல கையெழுத்து நாந்தான் போடோணும். எழுதினது ஒண்ணு, சான்றிதழ்ல இன்னொண்ணுன்னு என்னால போட முடியாது. அதுவுமில்லாம எந்தத் துறைமுகத்துலயும் ஒரு தமிழ் ஆளு இருப்பாரு. படிச்சுச் சொல்லிட்டாருன்னா மூணு கம்பெனி பேரும் போயிரும்."

"அப்ப என்னதான் எழுதறது?" என்றார் முதலாளி.

"தீவு."

"அது சரி, தீவோட பேரு?"

"பேரு இல்லீங்க. வெறுந் தீவு. உத்தரவு கேக்கறது தீவக் குறிக்கச் சொல்லி. சுற்றறிக்கை தடுக்கறது அந்தப் பேர. ரெண்டையும் மீறாத சொல்லு இது ஒண்ணுதானுங்க."

பழனிசாமி அண்ணன் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார். சரஸ்வதி அக்கா யோசித்துவிட்டு, "யாராச்சும் எந்தத் தீவுன்னு கேட்டா?" என்றார்.

"கேட்டா உள்ளதச் சொல்லிரலாமுங்க. ஒண்ணு மட்டும் வேணும். மூணு பேரும் ஒரே பதில் சொல்லோணும். ஆளாளுக்குத் தனியா யாருக்கும் ஃபோன் போடக் கூடாது."

பழனிசாமி அண்ணன் செல்போனை எடுத்து மும்முரமாக எதையோ நோண்டினார். அன்று காலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'சர்வாதிகாரிக்கு முட்டை இல்லை' என்று தன் படத்தோடு போட்டிருந்தாராம். அழித்தார். "நாப்பது பேரு பாத்துட்டானுங்க" என்றார் வருத்தமாக.

லேபிளை இங்கிருந்து அனுப்ப நேரம் இல்லை. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பி, இடைத்துறைமுகத்திலேயே அச்சிட்டு, சுங்க அதிகாரி முன்னால் குளிர்கிடங்கில் ஒட்ட ஏற்பாடு செய்தோம். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து படம் வந்தது. லேபிள் முழுவதும் வரிசையாகக் கட்டங்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. அதைப் படமாக மாற்றி அனுப்பினேன். அடுத்து அந்தக் கிடங்கிலிருந்தே ஓர் அழைப்பு. செல்வம் என்று ஒருவர். ஆத்தூர்க்காரர், பத்து வருடமாக அங்கே மேற்பார்வையாளர். நான் சொன்ன தமிழ் ஆள் நிஜமாகவே இருந்தார்.

"மேடம், இதுல தீவுன்னு மட்டும்தான் இருக்கு. மிச்ச எழுத்து அச்சுல விட்டுப் போச்சா?"

"விட்டுப் போகலைங்க. அவ்வளவுதான்."

"நல்லவேளை நான் பார்த்தேன். இங்க பாதிப் பெட்டியில தலைகீழா ஒட்டிட்டு இருந்தாங்க" என்றார். பழனிசாமி அண்ணனின் சொல்லை எழுதியிருந்தால் முதலில் படித்திருப்பவர் இவர்தான்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு, அந்தத் துறைமுகத்தின் சுங்க அதிகாரியே கூப்பிட்டார். பெட்டிகள் கப்பல் ஓரத்தில் நின்றன. நாதியா சொன்ன கணக்குப்படி அன்று ஏறாவிட்டால் அடுத்த சின்னக் கப்பலுக்கு முட்டை தாங்காது.

"உங்கள் சான்றிதழைப் பார்த்தேன். தீவு என்று இருக்கிறது. எந்தத் தீவு?"

முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். ஆயிரம் தீவு இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது எங்கள் கம்பெனியின் சின்னம் என்றுகூடச் சொல்லலாம்.

"ஐயா, அந்தக் கரையின் உத்தரவு தீவைக் குறிக்கச் சொல்கிறது. உங்கள் சுற்றறிக்கை அந்தப் பெயரை எழுதாதே என்கிறது. இரண்டையும் மீறாமல் ஒரு சொல்தான் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இது கூடாது என்று நீங்கள் சொன்னால் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்."

மறுமுனையில் அவர் காகிதத்தைப் புரட்டினார். பின்னால் கப்பல் சங்கு கேட்டது.

"எங்கள் நான்கு அமைச்சர்கள் மூன்று நாள் உட்கார்ந்து முடிவு செய்யாததை நான் ஏன் இந்த வெயிலில் முடிவு செய்ய வேண்டும்?" என்றார் அவர். "பெயர் இல்லை. சுற்றறிக்கையை மீறவில்லை. ஏற்றச் சொல்கிறேன். உங்கள் சான்றிதழின் நகல் என் கோப்பில் இருக்கும்."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை. முதலாளியும் நின்றார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சிரித்தோம். செய்தி போனதும் பழனிசாமி அண்ணன் பரமத்தி ரோட்டிலிருந்து லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து சேர்ந்தார். சரஸ்வதி அக்கா ஒரு பாத்திரம் நிறைய முட்டைக் குழம்பு அனுப்பினார். வேறு என்ன அனுப்புவார்?

மூன்றாம் நாள் நாதியா பேசினாள். பெட்டிகள் இறங்கிவிட்டன. ரொட்டிக்கடை திறந்ததும் தன் அம்மா கியூவில் முன்னால் நின்று வாங்கி வந்ததாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றும் தலைக்கனத்தோடுதான் அலைந்துகொண்டிருப்பேன்.

அடுத்த நாள் அவளே ஒரு காணொளி அனுப்பினாள். அந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி. அறிவிப்பாளர் நம் முட்டைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறார். தொலைதூர இந்தியாகூடத் தன் சொந்த எழுத்தில் நம் தீவை ஏற்றுக்கொண்டுவிட்டது என்கிறார். நான் எழுதியதில் பொய் இல்லை. அதைத் தூக்கிக் காட்டியவரிடம் இருந்தது. ஆனால் தூக்கிக் காட்ட ஒரு பெட்டி கிடைக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். இடைத்துறைமுகத்தில் சரியாகக் கணக்குப் போட்ட நான், அந்தக் கரையில் கேமரா இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். இதை உங்களிடம் மறைத்தால் மேலே சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

சுங்க அதிகாரிக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். மேலிடத்திலிருந்து கேட்டார்களாம். சான்றிதழைக் காட்டினாராம்; அதில் ஒரே ஒரு சொல், சரியான மொழிபெயர்ப்பு. அவர் வேலை தப்பியது. எங்கள் பெயரும் தப்பியது. வேறு எந்தச் சொல் இருந்திருந்தாலும் இரண்டும் போயிருக்கும்.

பழனிசாமி அண்ணனும் அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டார். ஒரு வாரம் போன் எடுக்கவில்லை. கூட்டு முறிந்தது என்றே நினைத்தேன். எட்டாம் நாள் நேரில் வந்தார். முதலாளியும் சரஸ்வதி அக்காவும் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"நம்ம பொட்டிய அவன் தூக்கிக் காட்டறத என்னால பாக்க முடியலீங்க. அந்த நாட்டுக்கு இனி நான் வரலீங்க. மத்த நாட்டுக்கெல்லாம் எப்பவும் போல."

"அங்க நிக்கற சனங்க என்ன பண்ணுவாங்கண்ணா?" என்றார் சரஸ்வதி அக்கா. "நான் அனுப்பத்தாம் போறேன்."

"அனுப்புங்க. தப்புன்னு நாஞ் சொல்லல. என்னால முடியல, அவ்வளவுதான்."

முதலாளி தானும் அனுப்பப் போவதாகச் சொன்னார். யார் சொல்வது சரி என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். மூன்று பேரும் டீ குடித்தார்கள். மழையைப் பற்றியும் மக்காச்சோளத்தைப் பற்றியும் பேசினார்கள். அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது நின்று, என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, கொச்சி ஹார்பருக்குக் கொண்டு போக வண்டி பத்தலைன்னா கூப்புடுங்க. நம்ம வண்டி சும்மாதான் நிக்குது."

மறுவாரம் வண்டி போதவில்லை. கூப்பிட்டேன். ஒன்று கேட்டிருந்தேன், இரண்டு வந்து நின்றன.